மைனஸ் ஒன்று புள்ளி இரண்டில் ஐந்து நாள்

டிசம்பர் 9, திங்கள்

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். வருங்காலச் சந்ததியினர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்கள். மறுக்க மனம் வரவில்லை. சந்ததியினர் சார்பில் டைரியைக் கொடுத்தவள் என் அக்கா மகள் கோகிலவாணி. சங்க அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறாள்.

"மாமா, நீங்க விடற கதையக் கேட்டுக் கேட்டு எனக்குக் காதே தேஞ்சு போச்சு. இனிமே இதுல எழுதித் தொலைங்க" என்றாள். உரக்கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு முட்டைக்கோஸ் படம்.

என்னைப் பற்றி நாலு வரி. குழந்தைவேலு, வயது ஐம்பத்து மூன்று, சொந்த ஊர் மேட்டுப்பாளையம். நீலகிரி மாவட்டம் தேன்மந்து விவசாயிகள் சங்கத்தின் வானிலைப் பதிவாளர். முப்பத்தோரு வருடமாக இந்த மலையின் குளிர் என் கைக்குள் அடங்கிக் கிடக்கிறது. தினமும் காலை ஏழு மணிக்கு, நாலு காலில் நிற்கும் வெள்ளை மரப்பெட்டியைத் திறந்து, இரவின் குளிரை வெப்பமானியில் படித்துச் சங்கத்துக்குச் சொல்வேன். கோகிலா அதை வாட்ஸ்அப்பில் போடுவாள். இரண்டு டிகிரிக்குக் கீழே போனால் இருநூற்று நாற்பது விவசாயிகளும் அன்று சாயங்காலமே தேயிலைச் செடிகளைப் பெரணித் தழையால் மூடிவிட்டு, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து காய்கறிக்குத் தண்ணீர் தூவ வேண்டும். இல்லையென்றால் உறைபனியில் எல்லாம் கருகிவிடும்.

திருமணம் ஆகவில்லை. பெண் கிடைக்காமல் இல்லை. நம் ஆட்கள் முகூர்த்தத்தை விடியற்காலையில் வைக்கிறார்கள், ஏழு மணிக்கு எனக்குப் பெட்டி இருக்கிறது. அவ்வளவுதான்.

இன்று நாலு டிகிரி. காலையில் விட்ட கொட்டாவி பாதியிலேயே உறைந்துவிட்டது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துத்தான் வாயை மூடினேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

இருமல். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். மருந்து கொடுக்கும் ஜன்னலில் புது ஆள். சங்கரன்கோவிலிலிருந்து மாற்றுப் பணியில் வந்தவராம். ஜனவரி 31 வரைதான். பெயர் ஆவுடையம்மாள். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கலாம். மூன்று ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு சால்வை, அதற்கு மேல் ஒரு முறைப்பு.

"என்ன செய்யுது?"

"இருமலுங்க அம்மணி. நான் ஒரு தடவ இருமினா எதிர் மலையில கொழுந்து உதிருதுங்க."

"அப்படியா? எங்க, ஒருக்கா இருமுங்க பாப்போம்."

இருமினேன்.

"இந்தச் சீட்டுகூட அசையலியே! மலையில கொழுந்து உதிருதாம்லா. இந்தாங்க, மூணு நாளைக்கு. வெந்நி குடிங்க. அடுத்த ஆளு வாங்க."

முப்பத்தோரு வருடத்தில் என் இருமலை இவ்வளவு அவமானப்படுத்தியவர் யாருமில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

முழங்கால் வலி. சுகாதார நிலையம் போனேன்.

டிசம்பர் 16, திங்கள்

இடது காதில் ஒரு மாதிரி. சுகாதார நிலையம் போனேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

வலது காதிலும். நேர்மையாக நடந்துகொள்ள வேண்டுமே என்று அதற்கும் தனியாகப் போனேன். ஆவுடையம்மாள் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு காதையும் ஒரே நாள்ல கொண்டாரக் கூடாதா?" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காது நன்றாகத்தான் கேட்கிறது.

டிசம்பர் 22, ஞாயிறு

உடம்புக்கு நல்லது என்று நடைப்பயிற்சி. செவிலியர் குடியிருப்பு வழியாகத்தான் காற்று சுத்தமாக இருக்கிறது. நாலு தடவை போய் வந்தேன். ஐந்தாவது தடவை ஆவுடையம்மாள் வெளியே வந்து, "எதையும் தொலைச்சிட்டீயளா?" என்று கேட்டார்.

"குளிர் எந்தப் பக்கம் இருந்து ஏறுதுன்னு ஆய்வு பண்றனுங்க" என்றேன்.

"எந்தப் பக்கம் இருந்து ஏறுது?"

"உங்க வீட்டுப் பக்கம் இருந்துதானுங்க."

கதவைச் சாத்திக்கொண்டார். ஆனால் சாத்துவதற்கு முன் சிரித்தார். இது ஆய்வின் முடிவுகளில் ஒன்று.

டிசம்பர் 26, வியாழன்

மேஜை இழுப்பறையில் மாத்திரைகள் நூற்றுப் பதினெட்டு. ஒன்றுகூட விழுங்கவில்லை. இருந்தும் எல்லா நோயும் குணமாகிவிட்டது. மருத்துவ உலகம் என்னை ஆராய வேண்டும்.

டிசம்பர் 27, வெள்ளி

தலைவலி. ஜன்னலில் கூட்டமில்லை. ஆவுடையம்மாளுக்குக் கணவர் இறந்து பதினாறு வருடமாம். மகள் முத்துலட்சுமி ஓசூரில் வேலை பார்க்கிறாளாம். இதெல்லாம் நானாகக் கேட்கவில்லை. மாத்திரை எண்ணும்போது ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"எங்க ஊர்ல தை மாசத்துலயும் ஃபேன் ஓடும் சார். வெள்ளையா நெலத்துல கெடந்தா அது பருத்தி. இங்க என்னவோ உறைபனிங்காவ, பனியா எறங்கி வெள்ளையாக் கெடக்குமாம். நான் பாத்ததே இல்ல. போறதுக்குள்ள ஒருக்கா பாத்துரணும்."

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வாங்க அம்மணி. இந்தியாவிலேயே முதல் தரமான உறைபனிய உங்களுக்குன்னே இறக்கி வைக்கறேன்."

"நீங்க இறக்கி வைக்கீயளாக்கும்!"

"முப்பத்தொரு வருசமா நான்தானுங்க இறக்கறேன்."

டிசம்பர் 28, சனி

மைனஸ் ஒன்று புள்ளி இரண்டு. வானம் என் மானத்தைக் காப்பாற்றியது. புல்வெளி முழுக்க வெள்ளை. உலகத்துச் சர்க்கரை ஆலைகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து என் பெட்டியைச் சுற்றிக் கொட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

ஆவுடையம்மாள் வந்தார். அவருக்குப் பெட்டியைத் திறந்து காட்டினேன். வெப்பமானிக் குழாய்க்குள் ஒரு கறுப்புக் குச்சி இருக்கிறது. இரவு எவ்வளவு குளிர்ந்ததோ அவ்வளவு கீழே இறங்கி அங்கேயே படுத்துக்கொள்ளும். பொழுது ஏறினாலும் தானாக எழுந்து வராது. படித்து முடித்ததும் குழாயைச் சரித்து அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் மறுநாளும் நேற்றைய குளிரையே காட்டிக்கொண்டிருக்கும் என்று விளக்கினேன். "இந்த ஒரு சரிப்புலதானுங்க இந்த மலையோட மானமே இருக்குது" என்று கையை உயர்த்தினேன்.

அப்போது அவர் குனிந்து, ஒரு புல்லைக் கிள்ளி, பனியோடு நாக்கில் வைத்தார்.

"ஏ, உப்பே இல்லியே!" என்றார். கண் இரண்டும் சின்னப் பிள்ளைக்கு விரிகிற மாதிரி விரிந்தன.

பதிவேட்டில் எழுதினேன். பெட்டியைச் சாத்தினேன். ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். நல்ல நாள்.

டிசம்பர் 29, ஞாயிறு

மைனஸ் ஒன்று புள்ளி இரண்டு. நேற்று போலவே, ஒரு மயிரிழைகூட மாறாமல்! நாற்பது வருடம் பேருந்து ஓட்டிய ஓட்டுநர்கூட ஒரே பள்ளத்தில் இரண்டு நாள் சக்கரத்தை இவ்வளவு சரியாக இறக்க மாட்டார். ஆவுடையம்மாள் இன்றும் வந்தார். புல்லில் பனி சற்று மெலிந்திருந்தது. வெறும் ஈரமாகக்கூட இருக்கலாம். நான் புல்லைக் கவனிக்கவில்லை.

டிசம்பர் 30, திங்கள்

மைனஸ் ஒன்று புள்ளி இரண்டு. பனி எனக்குக் காட்டும் விசுவாசம் புல்லரிக்க வைக்கிறது. ஆவுடையம்மாள் அவித்த பனங்கிழங்கு கொண்டுவந்தார், ஊரிலிருந்து பார்சலில் வந்ததாம். நார் உரித்துக் கொடுத்தார். தின்றேன். பெட்டி மேல் ஒரு பட்டாம்பூச்சி உட்கார்ந்திருந்தது. வழி தவறி வந்திருக்கும்.

டிசம்பர் 31, செவ்வாய்

மைனஸ் ஒன்று புள்ளி இரண்டு. வந்தார்.

ஜனவரி 1, புதன்

மைனஸ் ஒன்று புள்ளி இரண்டு. ஆவுடையம்மாள் இன்று ஒரே ஒரு ஸ்வெட்டரில் வந்தார். "குளிருதுல்லா?" என்று கேட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தார். "எலும்புக்குள்ள ஐஸ் ஓடுதுங்க" என்றேன். எனக்கு நெற்றியில் வேர்த்திருந்தது. ஏதோ காய்ச்சல் வரப்போகிறது. இந்தத் தடவை உண்மையாகவே சுகாதார நிலையம் போக வேண்டியதுதான்.

கோகிலா போனில்: "மாமா, குரூப்ல எல்லாரும் கத்தறாங்க. அஞ்சு நாளா தழை போட்டு மூடி, நாலு மணிக்கு எந்திரிச்சுத் தண்ணி விட்டு, இடுப்பு ஒடியுதுன்னு. நெசமாவே மைனஸ்தானா?"

"கோகிலா, என்ர பெட்டி பொய் சொல்லாது."

ஜனவரி 2, வியாழன்

சொல்லிவிட்டது.

சங்கத் தலைவர் போஜன் காலை ஏழரைக்கு வந்து நின்றார். மலையில் பிறந்து வளர்ந்தவர், மனிதர்களுக்கு இடையில் ஒரு தேக்கு மரம். மேலே பனியன் மட்டும் போட்டிருந்தார்.

"ஏம்ப்பா குழந்தைவேலு, உன் பெட்டிக்குள்ள மட்டும் தனியா ஒரு இமயமலை இருக்குதா?"

"என்னங்க தலைவரே இப்படிக் கேக்கறீங்க?"

"நான் பனியனோட நிக்கிறேன். வேர்க்குது. திற."

திறந்தேன். குழாய்க்குள் திரவம் பதினாலு டிகிரியில் சுகமாக இருந்தது. கறுப்புக் குச்சி மட்டும் மைனஸ் ஒன்று புள்ளி இரண்டில், எழுப்ப ஆளில்லாத மாப்பிள்ளை போலப் படுத்திருந்தது. போஜன் என்னைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார். தன் கையாலேயே குழாயைச் சரித்தார். குச்சி சிணுங்காமல் மேலே போய்ச் சேர்ந்தது.

"எத்தனை நாளாச்சு நீ இதச் சரிச்சு?"

நான் விரலை விட்டு எண்ணினேன். ஒரு கை விரல்கள் தீர்ந்தன.

"இருநூத்தி நாப்பது குடும்பம்ப்பா. என் சம்சாரம் இடுப்பப் பிடிச்சுக்கிட்டு படுத்திருக்குது. குறிப்புக் கட்டத்துல காரணத்த எழுதி வை. சனிக்கிழமை கமிட்டியில படிப்பேன். காரணம் ஒழுங்கா இல்லீன்னா பொங்கலுக்கு மேல வேற ஆளப் பாத்துக்குவோம்."

போய்விட்டார். பட்டாம்பூச்சி மட்டும் இருந்தது.

ஜனவரி 3, வெள்ளி

பதிவேட்டில் கடைசிக் கட்டத்துக்குப் பெயர் 'குறிப்பு'. முப்பத்தோரு வருடமாக அதில் நான் ஒரு பொய்கூட எழுதியதில்லை. சிறுத்தை வந்து பெட்டியை முகர்ந்துவிட்டுப் போன அன்றுகூட 'சிறுத்தை' என்று மட்டும்தான் எழுதினேன். அது யானை அளவு இருந்ததை எழுதவில்லை. என் வாயிலிருந்து வருவதை யாரும் நம்ப வேண்டியதில்லை. அந்தக் கட்டத்தில் இருப்பதை நம்பித்தான் இருநூற்று நாற்பது அடுப்பு எரிகிறது.

ஆகவே காரணங்களை முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன். ஒன்று: கண்ணில் புரை. போஜன் கையோடு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். இரண்டு: கரடி துரத்தியது. ஐந்து நாளும் அதே கரடியா என்பார்கள். மூன்று: பூமியின் அச்சு லேசாகச் சாய்ந்ததால் குழாயைச் சரிக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. இது எனக்குப் பிடித்திருக்கிறது.

பதிவேட்டைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். கரடியின் 'க' வரைக்கும் பேனா போனது. அதற்கு மேல் போகவில்லை.

அடித்துவிட்டு, நடந்ததை எழுதினேன்.

ஜனவரி 4, சனி

கமிட்டி. நாற்பது பேர். எல்லோரும் இடுப்பில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். போஜன் கண்ணாடி போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"டிசம்பர் 28 முதல் ஜனவரி 1 வரை குழாய் சரிக்கப்படவில்லை. 28ஆம் தேதிக்குப் பிந்தைய நான்கு அளவும் தவறு. காரணம்: ஆவுடையம்மாள் அருகில் நின்றிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்ததில் மறந்துவிட்டேன். ஐந்து நாளும் இதே காரணம்."

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "அஞ்சு நாளுமா?" என்றார்.

"அஞ்சு நாளுமுங்க" என்றேன்.

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கி, இடுப்பு வலியில் கத்தினார். பிறகு எல்லோரும் சிரித்து எல்லோரும் கத்தினார்கள். போஜன் மட்டும் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "இந்த நோட்டுல இதுவரைக்கும் பொய் இருந்ததில்ல. இனியும் இல்ல. வேலையில இரு. ஆனா ஊர் முழுக்க மூடியிருக்கிற தழைய நீதான் எடுக்கோணும்."

ஜனவரி 5, ஞாயிறு

தழை எடுத்தேன்.

ஜனவரி 8, புதன்

தழை. தேன்மந்தின் தேயிலைச் செடிகளை வரிசையாக நிறுத்தினால் நிலாவைத் தொட்டுத் திரும்பும். சுகாதார நிலையப் பக்கம் போகவில்லை. செய்தி அங்கே போயிருக்கும். தேன்மந்தில் செய்திக்குத்தான் சளி பிடிப்பதில்லை. எந்த முகத்தோடு போவது? பதினாறு வருடம் தனியாக மானத்தோடு வாழ்ந்தவரின் பெயரை நாற்பது பேர் நடுவே ஏலம் விட்ட மாதிரி ஆகிவிட்டது. இன்று பத்து டிகிரி.

ஜனவரி 9, வியாழன்

உண்மையான இருமல் வந்துவிட்டது. தழைத் தூசி.

சாயங்காலம் ஆவுடையம்மாள் நேராகப் பெட்டி இருக்கும் இடத்துக்கு வந்தார்.

"ஒரு வாரமா நோயாளியக் காணும். செத்து கித்துப் போயிட்டாரோன்னு பாக்க வந்தேன்."

நான் இருமினேன். அவர் கையிலிருந்த பை அசைந்தது என்று சொல்ல ஆசை. சொல்லவில்லை.

"இது நெசமான இருமல்லா?" என்றார். மருந்தை நீட்டினார். "அந்த நோட்டக் காட்டுங்க."

காட்டினேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

"இதுல கூட்டி எழுதலியே?"

"அதுல கூட்டி எழுதறதில்லீங்க. என்னை மன்னிக்கோணும். உங்க பேர நான் கேக்காம எழுதியிருக்கக் கூடாது."

"எழுதினது இருக்கட்டும். கொஞ்சம் விட்டுப் போச்சு." அவர் நோட்டை மூடினார். "ரெண்டாம் நாளே நீங்க குழாயச் சரிக்கலங்கது எனக்குத் தெரியும். மொத நாளு அவ்வளவு நீட்டிச் சொன்னீய, நான் கவனிக்காம இருப்பனா? மாத்திரை எண்ணிக் கொடுக்கவ நானு. எண்ணிக்கை தப்புனா எனக்குத் தூக்கம் வராது."

"அப்புறம் ஏனுங்க சொல்லல?"

"சொன்னா பனி இல்லன்னு ஆயிரும்லா. பனி இல்லன்னா நான் எதப் பாக்க வாறேன்னு ஊருக்கும் சொல்லணும், எனக்கும் சொல்லணும்."

ஐந்து நாளில் இருநூற்று நாற்பது இடுப்புகளை ஒடித்த குற்றத்தில் இருவர் கூட்டு. நான் வாயைத் திறந்தேன். வரலாற்றிலேயே முதல் தடவையாக அவர் கொடுத்த மருந்தை அதில் ஊற்றினேன்.

அவரே பேசினார். "ஆனா ஒண்ணு. எனக்கு இந்தக் குளிர் ஒத்துக்கிடாது. கையெல்லாம் வெடிச்சு ரத்தம் வருது, பாருங்க. வருசம் பூரா என்னால இங்க இருக்க முடியாது. முப்பத்தொண்ணாந் தேதி நான் போயிருவேன்."

"சரிங்க" என்றேன்.

"சரியா?"

"சரிங்க."

போய்விட்டார். என்னைவிட அந்தக் கறுப்புக் குச்சிக்கு மூளை அதிகம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கோகிலா வீட்டில் சாப்பாடு. "மாமா, அவங்ககிட்ட கல்யாணத்தப் பத்திக் கேட்டீங்களா இல்லையா?" என்றாள். நான் ஜல்லிக்கட்டு பற்றிப் பேசினேன். இந்த மலையில் ஜல்லிக்கட்டு கிடையாது.

ஜனவரி 19, ஞாயிறு

இரண்டு டிகிரி. சரித்தேன். இரண்டு தடவை சரித்தேன். கேட்கவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

தெரியாத எண்ணிலிருந்து போன்.

"நான் முத்துலட்சுமி பேசுதேன். ஓசூர்ல இருந்து. நோட்டுல எழுதுனவரு நீங்கதானே?"

"நானேதானுங்க. தென்னிந்தியாவின் குளிர் முழுவதும்..."

"அங்கிள், எனக்கு லஞ்ச் பிரேக் பத்து நிமிசம்தான் மிச்சம். குடிப்பீயளா?"

"தேநீருங்க."

"கடன்?"

"இல்லீங்க."

"அம்மா ஒரு மாசமா போன்ல உங்க முட்டிவலி, காதுவலி கதையாத்தான் சொல்லுதா. அப்பா போன பெறவு அவ இவ்வளவு சிரிச்சு நான் கேட்டதில்ல. கேளுங்க, அவளா வந்து கேக்க மாட்டா. நீங்க என்ன கேக்கணுமோ அத முப்பத்தொண்ணுக்குள்ள கேட்டுருங்க. அவ்வளவுதான். நான் சாப்பிடப் போறேன்."

ஜனவரி 30, வியாழன்

கேட்க வேண்டியதை மூன்று பக்கத்துக்கு எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன். உவமைகள் பதினொன்று. இரண்டாம் பக்கத்தில் ஒரு எரிமலை வருகிறது.

ஜனவரி 31, வெள்ளி

இதைக் கோவை பேருந்தில், முழங்கால் மேல் வைத்து எழுதுகிறேன். கொண்டை ஊசி வளைவுகளுக்கு எழுத்து கோணுவதை வருங்காலச் சந்ததியினர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஏழு மணிக்குப் பெட்டி பார்த்தேன். மூன்று டிகிரி. சரித்தேன், எழுதினேன், கோகிலாவிடம் சொன்னேன். ஏழரைக்குப் பேருந்து நிலையம் போனேன். ஆவுடையம்மாள் ஜன்னலோர இருக்கையில் இருந்தார். நான் வெளியே நின்றேன். எரிமலையைத் தொடங்க வாயெடுத்தேன். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். மூன்று பக்கமும் மறந்துபோனது.

"அம்மணி" என்றேன். "என்னால வீட்டுல தனியாத் தேநீர் குடிக்க முடியலீங்க. நான் வேணுங்களா?"

அவர் கையை நீட்டி இரண்டு டிக்கெட்டுகளைக் காட்டினார்.

"ரெண்டா எடுத்திருக்கேன். ஒண்ணு வீணாப் போயிருமோன்னு பயந்துக்கிட்டே இருக்கேன். ஏறுங்க."

"துணி எதுவும் எடுத்துட்டு வரலீங்களே."

"எங்க ஊரு வெயிலுக்குத் துணி ஒரு கேடா? ஏறுங்க சார், பஸ் கெளம்புது!"

ஏறினேன். ரப்பர் செருப்பு, குரங்குக் குல்லாய், போன், இந்த டைரி. முப்பத்தோரு வருட சாம்ராஜ்யத்திலிருந்து நான் எடுத்துவந்தது இவ்வளவுதான்.

முதல் வளைவிலேயே போஜனுக்குப் போன் போட்டேன்.

"தலைவரே, நான் பஸ்ல இருக்கறனுங்க."

"தெரியும். ஊரே பஸ் ஸ்டாண்டுல நின்னு பாத்துச்சு. எத்தன நாளைக்கு?"

நான் ஆவுடையம்மாளைப் பார்த்தேன். அவர் விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார்: டிசம்பர், ஜனவரி மாற்றுப் பணிக்கு இந்த மலைக்கு வர வேறு யாருமே சம்மதிப்பதில்லையாம், அதனால்தான் இவரை அனுப்பினார்களாம், இனி வருடா வருடம் இவரே எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்வாராம். இரண்டு மாதம் கை வெடித்தால் களிம்பு இருக்கிறது. மிச்சப் பத்து மாதம் நான் சங்கரன்கோவிலில் வேக வேண்டும்.

போஜனிடம் அப்படியே சொன்னேன்.

"பனி இல்லாத மாசத்துல உன்னை வெச்சு நாங்க என்ன பண்றது? போய்ட்டு வா. நவம்பர் கடைசியில இங்க இருக்கோணும். அது வரைக்கும் பெட்டியக் கோகிலா பாத்துக்கும்" என்றார் போஜன். "அவ புருசன் பக்கத்துல நின்னாலும் அது சரிக்க மறக்காது."

போனை வைத்தேன். ஒரு மணி நேரத்தில் பேருந்து மலை இறங்கிப் பர்லியாறு தாண்டியது. ஜன்னல் வழியாக வந்த காற்று சூடாக இருந்தது. பாக்கு மரங்கள் வந்துவிட்டன.

"பத்து மாசம் வெயிலத் தாங்குவீயளா?" என்று கேட்டார் ஆவுடையம்மாள்.

பாலைவனம், சூரியன், கொதிக்கும் எண்ணெய் எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன.

"தெரியலீங்க" என்றேன்.

அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். இருமல் வருகிறது. மேட்டுப்பாளையம் வரை அடக்கிக்கொள்ளப் பார்க்கிறேன்.